தூணுக்குச் சட்டை, பசைக்கு வெயில்

அகமதாபாத் வந்து பதினோரு வருஷம். எங்க அபார்ட்மெண்ட் 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு முன்னாடியே கட்டினது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பீம்களில் விரிசல். கார்பன் ஃபைபர் துணியை எபாக்ஸி பசையால் ஒட்டிப் பலப்படுத்தலாம்னு காண்ட்ராக்டர் சொன்னார். போன ஞாயிறு சொசைட்டி மீட்டிங்கில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பாவ் கேட்லோ?" அதாங்க, என்ன விலை?

நான் பி.காம்., வங்கிக்காரன். இருந்தாலும் சிவில் படித்த நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

ஃபைபருக்கு வெயில் பொருட்டில்லை. பசைக்குத்தான் பிரச்சினை. கட்டட இடத்திலேயே பூசிக் காயவிடும் எபாக்ஸி, பெரும்பாலும் 50 முதல் 80 டிகிரிக்குள் இறுக்கம் போய் ரப்பர் மாதிரி இளகிவிடும். இளகினால் பீமின் சுமை ஃபைபருக்குப் போகாது. துணி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி, அந்த இளகும் வெப்பநிலைக்கு 15 டிகிரி கீழேயே நிறுத்திக்கச் சொல்கிறது. 60 டிகிரி பசை என்றால் 45தான் எல்லை. 2016 மே 20 அன்று இந்த ஊரில் 48 டிகிரி, அதுவும் நிழலில்! வெயில் காயும் கான்கிரீட் அதைவிடச் சூடாகத்தானே இருக்கும்?

இந்த முறையே மோசம்னு சொல்லவில்லை. வெயில் படாத கீழ்த்தளத் தூணுக்குச் சுற்றினால் கவலை குறைவு. வெயிலும் தீயும் வரும் இடத்தில்தான் யோசிக்கணும்.

வங்கியில் ஜாமீன்தாரரை மட்டும் நம்பிக் கடன் கொடுப்போமா? வாங்குபவருக்கே திருப்பிக் கட்டும் சக்தி இருக்கான்னு முதலில் பார்ப்போம். பீமும் அப்படித்தான். தீப்பிடித்துப் பசை போனாலும், கட்டடம் அன்றாடச் சுமையைத் தாங்கி நிற்கணும். நிற்காதுன்னா ஒட்டு வேலை போதாது, கான்கிரீட்டையே சரிசெய்யணும்.

நாக்பூரோ டில்லியோ, நம்மில் பலர் இருபது வருஷ ஹோம் லோனில் வாங்கிய பழைய ஃபிளாட்டில்தான் இருக்கோம். உங்க மீட்டிங்கிலும் இந்தப் பேச்சு வரலாம். பசை எத்தனை டிகிரியில் இளகும்? துணி இல்லாமல் பீம் நிற்குமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்க.

விலையை மூணாவதா கேட்கலாம்.