வாக்கிய வகையும் எழுத்து வளமும்

மலாக்காவில் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆ ஃபமோசா கோட்டை புதிய இடமன்று. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் மலாக்கா நகரிலும் வாழும் மாணவர் பலர் ஒருமுறையேனும் அங்குச் சென்றிருப்பர். ஆயினும், அந்தக் கல்விச் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பலரது தாளில் இத்தகைய வரிகளே அமைகின்றன: “நாங்கள் பேருந்தில் ஏறினோம். நாங்கள் கோட்டைக்குச் சென்றோம். நாங்கள் வாயிலைப் பார்த்தோம். நாங்கள் மகிழ்ச்சி அடைந்தோம்.”

இவ்வரிகளில் எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால், உயிரும் இல்லை. நான்கு வாக்கியங்களும் ‘நாங்கள்’ என்ற ஒரே எழுவாயில் தொடங்கி, ‘ஓம்’ என்ற ஒரே விகுதியில் முடிகின்றன. பேருந்தில் ஏறியதும் வரலாற்றுப் புகழ்மிக்க வாயிலைக் கண்டதும் ஒரே எடையில் நிற்கின்றன. எது முக்கியம் என்பதை வாசகர் அறிய வழியில்லை.

அதே செய்தியை வேறு விதமாகவும் எழுதலாம்: “1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கட்டிய கோட்டை இது. 1807இல் பிரிட்டிஷார் இதை வெடிவைத்துத் தகர்த்தனர். தப்பி நின்றது என்ன? ஒரு வாயில் மட்டுமே.” முதல் வாக்கியத்தில் ‘கைப்பற்றிய’, ‘கட்டிய’ என்னும் பெயரெச்சங்கள் பல செய்திகளை ஒன்றாக இணைக்கின்றன. வினா வாக்கியம் வாசகரைச் சற்று நிறுத்துகிறது. இறுதியில் வரும் சிறு வாக்கியம் இழப்பின் அளவை உணர்த்துகிறது. ஆகவே, வாக்கிய வகை என்பது கட்டுரைக்குப் பூசும் வண்ணமன்று. அது கருத்தின் வடிவமே ஆகும்.

இந்தக் கோட்டை தகர்க்கப்பட்டதைத் தம் நூலில் பதிவு செய்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. தமிழ், அரபு வழிவந்த அவர், சிறு வயதில் தமிழும் கற்றவர். 1849இல் வெளிவந்த ‘ஹிக்காயாட் அப்துல்லா’ நூலில், ‘கோட்டை இடிந்தது’ என்று மட்டும் கூறி அவர் கடந்துவிடவில்லை. யானை அளவிலும் வீட்டளவிலும் பாறைத் துண்டுகள் பறந்து கடலில் விழுந்ததை வாசகரின் கண்முன் நிறுத்துகிறார். முக்கியமான இடத்தில் நின்று விரித்துரைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இத்திறமை மாணவர்களுக்கு அந்நியமானதும் அன்று. தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி தம் பேரனிடம், “விடியறதுக்கு முன்ன பெரட்டுக்குப் போயிடணும்பா. மழை பேஞ்சா? மரம் வெட்ட முடியாது. அன்னிக்குச் சம்பளமும் இல்ல. எப்படித்தான் பொழைச்சோமோ!” என்று கூறக்கூடும். பெரட்டு என்பது தொழிலாளர்களின் அதிகாலை வருகைக் கணக்கெடுப்பு. பாட்டியின் பேச்சில் செய்தி, வினா, உணர்ச்சி ஆகிய மூவகை வாக்கியங்களும் இயல்பாக வந்து விழுகின்றன. பேரனோ, “என் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தார். அவர் கஷ்டப்பட்டார்” என்று எழுதி முடித்துவிடுகிறான். பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முதியோரின் பேச்சில் மட்டும் வாழும் அந்த அனுபவம், அவன் எழுதிய இரண்டு வரிகளோடு மறைந்துவிடக் கூடாது அல்லவா?

குறுகிய வாக்கியங்களை எழுதினால் பிழை குறையும், புள்ளியும் குறையாது என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. நீண்ட வாக்கியம் எழுதும் மாணவர் சிலர், முடிவை எட்டுவதற்குள் எழுவாயை மறந்துவிடுகின்றனர். ஆனால், சிறு வாக்கியம் குற்றமன்று. அடுத்தடுத்து ஒரே அச்சில் வார்ப்பதுதான் குற்றம். பிழைக்கு அஞ்சி ஒரே வகை வாக்கியத்தையே பற்றிக்கொள்பவன், நீச்சலுக்கு அஞ்சிக் கரையிலேயே நிற்பவனுக்கு ஒப்பாவான்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. கட்டுரையை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் முதற்சொல்லையும் கோடிட வேண்டும். தொடர்ந்து மூன்று வாக்கியங்கள் ஒரே சொல்லில் தொடங்கினால், ஒன்றையாவது மாற்றியமைக்க வேண்டும். இரண்டை எச்சத்தால் இணைக்கலாம், ஒன்றை வினாவாக்கலாம், பேசியவர் சொல்லை நேர்க்கூற்றாகத் தரலாம். பின்னர், வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய குறையைக் காது காட்டிக் கொடுக்கும்.

மாணவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சின் ஏற்ற இறக்கம் அவர்தம் எழுத்திலும் இடம்பெற வேண்டும். அப்போதுதான் பாட்டியின் அதிகாலையும் பேரனின் தாளில் விடியும்.