அடர்வனத்தில் அழைப்பு வேட்டை

ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், கொயோட்டி என்னும் விலங்கை அடர்ந்த காட்டிலே குரல்காட்டி அழைத்து வேட்டையாடப் பழகத் தொடங்கியுள்ளதாக எழுதி, புதியவன் முதலிற் கற்கவேண்டியது யாது என எம்மை வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது எனச் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். விலங்கை ஏமாற்றி வருவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடிக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. அவ்வாறு கட்டப்படும் விலங்குக்குப் 'பார்வை' என்பது பெயர். பெரும்பாணாற்றுப்படையிலே எயினர் குடியிருப்பின் முற்றத்தில் அதனைக் காணலாம். பார்வை கண்ணை ஏமாற்றுவது. கொயோட்டி வேட்டைக்காரனின் ஊதுகுழலோ காதை ஏமாற்றுவது.

கொயோட்டி நம் நாட்டு நரியிலும் பெரியது, ஓநாயிலும் சிறியது. 1823 இல் தோமஸ் சே என்பார் அதற்குக் 'குரைக்கும் நாய்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். மேற்குச் சமவெளிகளில் வாழ்ந்த அவ்விலங்கு, ஓநாய்கள் அழிக்கப்பட்ட பின் கிழக்குக் காடுகளிலும் பரவியது. வழியிலே ஓநாயோடும் நாயோடும் கலந்தமையால் கிழக்குக் கொயோட்டி உடலாற் பருத்தது. பெரும்பாலும் 15 முதல் 20 கிலோகிராம் நிறையுள்ளது. இக்கலப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. நாம் சொல்லப்போவது இதனையே பற்றியது.

அழைக்கும் முறை எளிது. அடிபட்ட முயலின் கதறலை நாக்குப் பொருத்திய சிறு ஊதுகுழலால் எழுப்புவர். இக்காலத்தில் மின்கருவியும் உண்டு. அதனைச் சற்றுத் தொலைவில் வைத்தால் விலங்கின் கவனம் வேடன்மேற் செல்லாது. அரிது யாதெனின் காற்றை அறிதலே. கொயோட்டி குரல் கேட்ட திசைக்கு நேரே ஓடிவருவது குறைவு. சுற்றி வளைத்துக் காற்றின் கீழ்ப்புறம் சென்று, மோப்பம் பிடித்த பின்னரே அணுகும். சமவெளியில் அது வளைந்து செல்வதைக் காணலாம், அடர்வனத்திற் காணமுடியாது. ஆதலின் காற்றின் கீழ்ப்புறத்தில் ஒரு பழைய வண்டிப்பாதையோ, உறைந்த ஓடையோ, சிறு வெளியோ அமையுமாறு இடந் தெரிந்து, மரத்திலே முதுகு சாய்த்து அசையாதிருத்தல் வேண்டும். முதற் குரல் மெல்லியதாக இருக்கட்டும். விலங்கு நூறு யார் தொலைவிலேயே படுத்திருக்கவுங் கூடும். வெளிநிலத்திற் கால் மணிநேரம் காத்திருப்போர் காட்டிலே அரை மணிநேரமாயினும் காத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒரு மாதத்திற் கைவந்துவிடும். பின்னர் வருவதே இடர். புதருக்கிடையிலே சாம்பல் நிறமாக ஒன்று தோன்றி மறையும். வேடனுக்குக் கிடைக்கும் காலம் இரண்டு மூன்று நொடிகளே. அது கொயோட்டிதானா?

ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவைச் சூழ வாழும் ஓநாய் மிக அருகிய இனம். அதனையும் கொயோட்டியையும் கண்ணாற் பிரித்தறிதல் வல்லுநர்க்கும் அரிது. மரபணுச் சோதனையே உறுதி சொல்லும். இதனாலேயே பூங்காவைச் சூழ்ந்த நிலப்பிரிவுகளில் ஓநாய் வேட்டையோடு கொயோட்டி வேட்டையும் 2001 இல் நிறுத்தப்பட்டது. 2004 இல் அத்தடை நிலையாக்கப்பட்டது. வட கரோலினாவின் கதை இதனினும் துயரமானது. காட்டில் அற்றுப்போயிற்று என 1980 இல் அறிவிக்கப்பட்ட செவ்வோநாயை வளர்த்துப் பெருக்கி, 1987 இல் அங்கே மீண்டும் காட்டில் விட்டனர். கொயோட்டி என எண்ணிச் சுட்டவர்களால் அவற்றுட் பல மாண்டன. 2014 இல் நீதிமன்றம் தலையிட்டு, ஐந்து மாவட்டங்களிலே கொயோட்டி வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. இன்று அவ்வோநாய்களின் கழுத்திலே ஒளிரும் செம்மஞ்சட் பட்டி கட்டுகின்றனர். வேடனுக்காக விலங்கு பட்டி அணியவேண்டியதாயிற்று!

ஆகவே எம் விடை இது: முதல் மாரிகாலம் முழுவதும் துவக்கை வீட்டிலே வைத்துவிட்டு ஊதுகுழலோடு மட்டும் காட்டுக்குச் செல்க. அழைத்தவுடன் எத்தனை வகை உயிர்கள் வருகின்றன என்று காண்க. ஆந்தை வரும், செந்நரி வரும், அயலாரின் நாயும் வரும். முயலின் கதறல் கேட்டு வேறொரு வேடனும் துவக்கோடு வரக்கூடும். மரத்தோடு மரமாக உடுத்திருப்பவனுக்கு அது சிறிய ஆபத்தன்று.

"ஆட்டுக்குட்டியை இழந்த உழவனிடம் போய் இதைச் சொல்லுங்கள்" என்று சினப்பார் உண்டு. அவர் சினம் நியாயமானதே. மந்தையைத் தாக்கும் குறிப்பிட்ட விலங்கைக் கொல்வதை யாம் மறுக்கவில்லை. ஆனால் கண்டதையெல்லாம் சுட்டால் கொயோட்டி குறையும் என்பது கணக்குக்கு ஒவ்வாது. அமெரிக்கக் காங்கிரசு 1931 இலேயே கொன்றுண்ணி விலங்குகளை ஒடுக்கச் சட்டமியற்றிற்று. நஞ்சும் பொறியும் துவக்கும் பல்லாண்டு வேலைசெய்தன. கூட்டரசு நிலங்களில் நஞ்சிடல் 1972 இலே தடுக்கப்பட்டது. அக்காலமெல்லாம் கொயோட்டி தன் எல்லையை விரித்துக்கொண்டே சென்றது. கொல்லப்பட்டதன் இடத்தை அயற்காட்டு இளவிலங்கு பிடித்துக்கொள்ளும். இரை மிகுந்தால் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும். அதிகம் கொன்றவனுக்குப் பரிசளிக்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014 இலும் வேர்மொன்ற் 2018 இலும் விலக்கியமை எமக்கு மகிழ்ச்சியே தருகின்றது.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை, வைகாசியிலே குட்டிகள் வளையிலிருக்கும். சில மாநிலங்களில் அப்போதும் சுடுவதற்குத் தடையில்லை. சட்டம் தடுக்காவிடினும் எம் மாணவர் அக்காலத்தில் ஊதுகுழலைத் தொடாதிருத்தல் வேண்டும். குரல் கேட்டு முதலில் ஓடிவருவது குட்டிக்கு இரை தேடித் திரியும் தாயாகவும் இருக்கலாம்.