காமிராவுக்கு அற்பாயுள்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டார். பல் எத்தனை, சுழி எப்படி, நடை எப்படி என்றெல்லாம் பார்த்த பிறகே துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பது வழக்கம். இந்நாளில் பழைய டிஜிட்டல் காமிரா வாங்கப் போகிற வாலிபர்களும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அவர்கள் பார்ப்பது பல்லையன்று, ஷட்டர் எண்ணிக்கையை. அந்தக் காமிராவின் ஷட்டர் இதுவரையில் எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்னும் கணக்கே அது. கணக்குக் குறைந்திருந்தால் காமிரா இளங்கன்று, மிகுந்திருந்தால் கிழம். விலையும் அதற்கேற்ப ஏறும், இறங்கும்.

இந்தக் கணக்கை நம்பி வாங்கிய காமிராவில், சொன்ன ஆயுளில் கால்வாசிகூடக் கழிவதற்கு முன்னால் ஷட்டர் நின்றுவிடுவதுண்டு. அது ஏன் என்பதைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம். காமிரா இல்லாத வீட்டாருக்கும் இதில் சம்பந்தமுண்டு. கலியாணம் நடக்காத வீடு ஏது?

முதலில் ஷட்டர் என்பது யாது? லென்ஸுக்குப் பின்னால், படத்தைப் பதிவு செய்கிற ஸென்ஸார் என்னும் தகட்டுக்கு முன்னால், இரண்டு திரைகள் இருக்கின்றன. (ஸென்ஸார் என்றதும் பத்திரிகைகளில் கறுப்பு மை பூசிய பழைய நாளைத் தணிக்கை உத்தியோகஸ்தர் நினைவுக்கு வந்தால், குற்றம் நம்முடையதன்று. இந்த ஸென்ஸார் எதையும் அடிப்பதில்லை, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்கிறது.) ஒவ்வொரு திரையும் காகிதத்தைப் போன்ற மெல்லிய தகடுகள் சிலவற்றால் ஆனது. விசையை அழுத்தியதும் முதல் திரை விலகி ஒளிக்கு வழிவிடும். இரண்டாவது திரை பின்னாலேயே ஓடிவந்து மூடும். முழு அளவுள்ள ஸென்ஸாரின் உயரம் 24 மில்லிமீட்டர். ஒரு விநாடியை 300 கூறாக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு கூறுக்குள் திரை அந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலாகிறது. அந்த வேகத்தில் வந்த தகடுகள் நகக்கண் அளவு இடத்துக்குள் சட்டென்று நின்றாகவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இந்த ஓட்டம். ஒவ்வொரு படத்துக்கும் இந்த மோதல். தகடுகளைப் பிடித்திருக்கும் சிறு கைகள், ஆணிகள், விற்சுருள், அதை முறுக்கும் குட்டி மோட்டார், மோதலைத் தாங்கும் மெத்தை ஆகிய இவற்றில் எது தளர்ந்தாலும் காமிராவின் கதை முடிந்தது.

இவ்வளவு அடிபடுகிற உறுப்பு லட்சக்கணக்கான தடவை உழைக்கிறது என்பதே ஆச்சரியந்தான். கானன் கம்பெனியார் 2005-இல் வெளியிட்ட 5டி காமிராவுக்கு 1 லட்சம் தடவை என்றும், 2012-இல் வந்த 5டி மார்க் 3-க்கு ஒன்றரை லட்சம் என்றும், தொழிலாளர்களுக்கென்றே செய்த 1டி எக்ஸ்-க்கு 4 லட்சம் என்றும் அளவு சொன்னார்கள். நிக்கான் டி3-க்கு 3 லட்சம். பிலிம் சுருள் காலத்தில் இவை எளிதில் எட்டாத எண்கள். ஒரு சுருளுக்கு 36 படம் என்றால், ஒன்றரை லட்சம் படத்துக்கு 4,167 சுருள் வேண்டும். சுருளுக்கும் கழுவுவதற்கும் காசு கொடுத்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்தார்கள். இன்றோ விசையை அழுத்துவதற்குக் காசில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மேற்சொன்ன 1டி எக்ஸ் விநாடிக்கு 12 படம் எடுக்கவல்லது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க முடியுமானால், 4 லட்சமும் ஒன்பதேகால் மணி நேரத்தில் தீர்ந்துபோகும்! படத்துக்கு நாம் காசு கொடுக்கவில்லை, ஷட்டர் கொடுக்கிறது.

நம்மிடம் முன்பு பௌதிகம் படித்த மாணவன் ஒருவன் இப்போது ஒரு தாலுகா ஊரில் கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கிறான். தாயாரின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, இரண்டு கை மாறிய பெரிய காமிரா ஒன்றை வாங்கினான். (கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.) 3 லட்சம் தாங்கும் என்று சொல்லப்பட்ட ஷட்டர்; எண்ணிக்கை 62,000 என்று காட்டியது. நாலாவது மாதம், கெட்டிமேளம் முழங்கி மாப்பிள்ளை திருமாங்கல்யத்தைக் கையில் எடுத்த தருணத்தில், காமிரா ஒரு தடவை ‘டக்’கென்றது. அதன் பிறகு திரையில் பிழை என்னும் எழுத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பெண்ணின் தகப்பனார் கோபிக்கவில்லை. மாலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்த ஒரு படம் மட்டும் எப்படியாவது கிடைக்குமா, தம்பி?” என்று கேட்டாராம். கோபித்திருந்தாலும் தாங்கியிருப்பேன் என்றான். அடுத்தாற்போல், “மூன்று லட்சம் என்றார்களே, ஸார், அது பொய்யா?” என்று நம்மைக் கேட்டான்.

பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அவன் நினைத்துக்கொண்ட பொருளில் அது மெய்யுமன்று. ஒரு நாட்டில் மக்களின் சராசரி ஆயுள் எழுபது என்றால் அறுபத்தொன்பது வயது வரையில் யாருக்கும் ஒன்றும் நேராது என்று எவரும் எண்ணுவதில்லை. ஷட்டரின் எண்ணும் அப்படிப்பட்டதே. சோதனையில் இவ்வளவு தாங்கிற்று என்று கம்பெனியார் சொல்லும் அளவு அது. ஒவ்வொரு காமிராவுக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்த பத்திரமன்று. அளவைத் தாண்டி இரட்டிப்பாக உழைத்தவையும் உண்டு; இருபதினாயிரத்தில் போனவையும் உண்டு. இவற்றுள் பின்னதை அனுபவிக்கிறவருக்குச் சராசரியால் என்ன பிரயோஜனம்?

அற்பாயுளுக்குக் காரணம் சில வேளைகளில் பிறவியிலேயே இருக்கிறது. நிக்கான் டி750 இதற்குத் தக்க உதாரணம். 2014-இல் வெளியான அந்தக் காமிராக்கள் சிலவற்றில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதியில் நிழல் விழக்கூடும் என்று கம்பெனியாரே 2015-இல் அறிவித்தார்கள். இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாகவும் சொன்னார்கள். பிறகு 2016-இலும் 2017-இலும் அவ்வறிவிப்பை மேலும் பல காமிராக்களுக்கு விரித்தார்கள். அதற்கு முன் 2012-இல் வந்த டி600-இல் ஸென்ஸாரின் மேல் புள்ளி புள்ளியாக அழுக்குப் படிந்தது. 2014-இல் ஷட்டரையே மாற்றித் தர முன்வந்தார்கள். ஆகவே, இன்று சந்தையில் கிடைக்கும் ஒரு டி600-இல் உடம்பு பழையதாகவும் ஷட்டர் புதியதாகவும் இருக்கலாம். டி750-ஐ வாங்குகிறவர் வரிசை எண்ணைக் கேட்டுக்கொண்டு, அது திருத்தப்பட்டதா என்று விசாரிப்பது அவசியம்.

மற்றவை வளர்ப்பில் வரும் குறைகள். கடற்கரை மணலின் ஒரு துகள் தகடுகளுக்கிடையே போனால் போதும். ஸென்ஸாரைத் துடைக்கிறேன் என்று திரையின் மேல் விரலை வைத்தவர், காற்றுப் புட்டியின் மூக்கை உள்ளே நீட்டி ஊதியவர், இவர்களுடைய கைவரிசை எந்த எண்ணிக்கையிலும் ஏறாது. வாடகைக்குப் பல கைகளில் திரிந்த காமிராவும் வக்கீல் வீட்டு அலமாரியில் பட்டுத் துணியில் கிடந்த காமிராவும் ஒரே எண்ணைக் காட்டலாம். அலமாரியில் கிடந்ததுதான் மேல் என்றும் துணிந்து சொல்லிவிட முடியாது. ஓடாத யந்திரத்தில் மசகு இறுகும், ரப்பர் பதம் கெடும்.

எண்ணிக்கையே சரியானதா என்பது வேறு கேள்வி. நிக்கான் காமிராக்கள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண்ணை மறைவாக எழுதி வைக்கின்றன. கானன் காமிராக்கள் பலவற்றில் அது படத்தில் இராது. கம்பி மூலம் கம்ப்யூட்டருடன் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஷட்டரை மாற்றிய கடைக்காரர் எண்ணைத் திரும்பப் பூஜ்யமாக்கியிருக்கலாம், ஆக்காமலும் இருந்திருக்கலாம். மாட்டின் பல்லை அரம் போட்டுத் தேய்த்து வயதைக் குறைத்த தரகர்களின் வம்சம் நம் நாட்டில் அற்றுப்போய்விட்டதாகத் தெரியவில்லை.

பின் எதைத்தான் பார்ப்பது? நாம் அறிந்த வரையில் வெள்ளைச் சுவரே நல்ல பரீட்சை. லென்ஸைப் பொருத்தி, ஒரே வெளிச்சமுள்ள சுவரை முதலில் விநாடியில் 8000-இல் ஒரு பங்கில் எடுக்கவேண்டும். பிறகு 4000, 1000, 250 என்று இறங்கி வரவேண்டும். வேகம் குறைவதற்கேற்ப லென்ஸின் துவாரத்தையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். தளர்கிற ஷட்டர் மிக வேகமான படத்திலேயே முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். காரணம் எளிது. அந்த வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கீற்று. அங்கே ஒரு திரை இம்மியளவு பின்தங்கினாலும் படத்தில் ஒருபுறம் இருளும், மறுபுறம் வெளுக்கும். மெதுவான படங்களில் அதே தாமதம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகையால், கடைக்காரர் பகல் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துக் காட்டி “பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கிறது” என்றால், இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருக்கச் சொல்லவேண்டும். தொடர்ச்சியாக நாற்பது ஐம்பது படம் எடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

இதிலும் தேறிய காமிரா நாளைக்கே நிற்காது என்று யாரும் ஜாமீன் கொடுக்கமாட்டார்கள். புதிய ஷட்டர் போடும் செலவைப் பழுது பார்க்கும் இடத்தில் முன்கூட்டியே விசாரித்து, கேட்கிற விலையோடு கூட்டிப் பார்த்து, அப்போதும் கட்டுபடியாகிறதா என்று தீர்மானிப்பதே வியாபாரம். கூட்டினால் புதுக் காமிராவின் விலைக்கு அருகில் வந்து நின்றதென்றால், அந்தப் பழங் காமிராவைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். நம் மாணவனுக்கு இந்தக் கூட்டலை யாரும் சொல்லவில்லை, விற்றவருக்குத் தெரியும்.

2021-இல் நிக்கான் கம்பெனியார் இயங்கும் ஷட்டரே இல்லாத இஸட் 9 என்னும் காமிராவை வெளியிட்டார்கள். ஒளியை மறைப்பதும் விடுவதும் ஸென்ஸாரின் மின்சார வேலையாகவே ஆகிவிட்டது. ஆனால் அதன் விலை தாலுகா ஊர்ப் போட்டோக்காரருக்கு எட்டுவதாயில்லை. அவர் கையில் இன்னும் சில காலத்துக்குத் திரைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர் கழுத்தில் இரண்டு காமிராக்கள் தொங்குவதைப் பார்த்து, ‘ஒன்றுக்கு இரண்டாக என்ன டம்பம்!’ என்று முகூர்த்தப் பந்தலில் சிலர் முணுமுணுக்கிறார்கள். இரண்டாவது காமிரா டம்பத்துக்கன்று. திருமாங்கல்யம் ஏறும் அந்த ஒரு நிமிஷத்துக்கு. இரண்டாவதற்கும் சேர்த்து அவர் கூலி கேட்டால், பெண் வீட்டார் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.