சீனர் பேட்டையில் அருளும் மாரியம்மன்

சிங்கப்பூரின் சைனாடவுனுக்கு ரயிலில் வருவோர், சுரங்கத்தை விட்டு மேலே ஏறியதும் பகோடா தெருவில் நிற்பர். தலைக்கு மேல் செந்நிறத் தோரண விளக்குகள். இருமருங்கும் நினைவுப் பொருட் கடைகள். பெயரைக் கேட்டவர்கள் சீனத்துப் புத்தர் கோபுரம் ஒன்றைத் தேடுவது இயல்பே. ஆனால் தெருமுனையில் தரிசனம் தருவது மாரியம்மன் ஆலயத்தின் கோபுரம்! அதைத்தான் ‘பகோடா’ என்று குறித்தனர். பக்கத்திலுள்ள டெம்பிள் தெருவும் இவ்வாலயத்தால் பெயர் பெற்றதே.

இன்று வண்ணம் பூசி நிற்கும் இவ்வீடுகளில், ஒரு காலத்தில் சீனத்திலிருந்து வந்த கூலிகள் நெருக்கியடித்துக் கிடந்தனர். கப்பற் பயணக் கடனை உழைத்துத் தீர்க்கும் வரை அவர்களுள் பலருக்கு விடுதலை இல்லை.

அம்மன் இங்கு எழுந்தருளியதற்குக் காரணம் தண்ணீர். 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. கோயிலுக்கென முதலில் ஒதுக்கப்பட்டது தெலுக் ஆயர் தெருவில் ஓர் இடம். அது கடற்கரை, பூஜைக்கு நன்னீர் கிடையாது. 1821-இல் கிடைத்த மற்றோர் இடமும் பொருந்தவில்லை. 1823-இல்தான் சௌத் பிரிட்ஜ் சாலையில் இன்றுள்ள நிலம் அமைந்தது. புதிய ஊரில் கிடைத்ததே போதும் என்று அவர் இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அன்னையின் நீராட்டுக்கு நீரில்லாத இடம் வேண்டா என்று காத்திருந்தார். 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் குடில் எழுப்பிச் சின்ன அம்மனைப் பிரதிஷ்டை செய்தார். இத்தனைக்கும் அவர் செங்கற்சூளை நடத்தியவர்! இன்றைய செங்கற் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது என்பர்.

சுற்றிலும் குடியேறிய சீனர்களுக்கும் அதே தண்ணீர்க் கவலைதான். ஆன் சியாங் குன்றருகே இருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகள் நீர் சுமந்து வந்தன. அதனால் சீனர்கள் இப்பேட்டையை இன்றும் ‘நியூ சே சுவெய்’ என்றே அழைக்கின்றனர். ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்பது பொருள். மலாய் மொழியில் ‘கிரேத்தா ஆயர்’, அதாவது தண்ணீர் வண்டி.

தீபாவளிக்கு முன்பு நடைபெறும் தீமிதியின்போது, செராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் நடந்து வந்து பூக்குழி இறங்குவோருள் சீனர்களும் உண்டு.

பிள்ளை வேண்டா என்ற அந்தத் தெலுக் ஆயர் தெரு இங்கிருந்து நடக்கும் தொலைவுதான். அங்கே ஹொக்கியன் சீனர்கள் 1839-இல் தொடங்கி 1842-இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் ஆலயத்தில், கடலோடிகளைக் காக்கும் மாட்ஸு அன்னை வீற்றிருக்கிறாள். புயலுக்கும் நோய்க்கும் தப்பி உயிரோடு கரை சேர்ந்தவர்கள், முதலில் நன்றி செலுத்த வந்தது இவளிடமே. அன்று கோயிலின் எதிரே கடல் இருந்தது. பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கினர். இப்போது அங்கே அலுவலக மாளிகைகள் வானளாவ நிற்கின்றன. அன்னை இன்றும் கடலிருந்த திசையையே நோக்கியிருக்கிறாள்.