எழுநூற்றுக்கு ஒன்று குறைவு

சட்டமன்றத் தேர்தலில் தோல்வியே காணாதவர் கலைஞர் கருணாநிதி. 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை நின்றார். 13 முறையும் வென்றார். அதோடு நிறுத்திக்கொண்டால், வாக்காளர்கள் அவரிடம் சொன்னதில் பாதி நம் காதில் விழாது. வாக்கு வித்தியாசத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37ஐ அள்ளியது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது காற்று மாறிவிட்டது. எம்.ஜி.ஆர். மீண்டும் ஆட்சியைப் பிடித்தார். அண்ணா நகரில் எதிர்த்து நின்ற எச்.வி.ஹண்டே 50,591 வாக்குகள் வாங்க, கலைஞர் 51,290 பெற்றுக் கரையேறினார். வித்தியாசம் 699. ஒரே வாக்குச்சாவடிக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை! மாநிலமே அறிந்த தலைவரிடம் அண்ணா நகர் அவ்வளவு கறாராகப் பேசியது.

ராஜீவ் காந்தி படுகொலையை அடுத்து நடந்த 1991 தேர்தலில் தி.மு.க. அடியோடு சாய்ந்தது. துறைமுகம் தொகுதியில் கலைஞர் தேறியது 890 வாக்குகளில். கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார். அந்த மனசாட்சியை மதிக்கிறோம். ஆனாலும், அத்தனை பெரிய எதிர் அலையிலும் அவரை நம்பி ஓட்டுப்போட்ட முப்பதாயிரம் பேருக்கு அவையில் அவர் குரல் கிடைத்திருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். முதன்முறை உறுப்பினரானபோது நங்கவரம் விவசாயிகளுக்காக எழுந்த குரல் அல்லவா அது!

2016இல், 91 வயதில், திருவாரூர் தந்த 68,366தான் அவர் கண்ட மிகப் பெரிய வித்தியாசம். அந்தத் தேர்தலிலும் அவரது கட்சிக்கு ஆட்சி கிடைக்கவில்லை.

இன்று சில நூறு வாக்குகளில் தப்பிப் பிழைத்தவரும் தொகுதி முழுவதும் தன் பின்னால் நிற்பதுபோல மாலை வாங்கிக்கொள்கிறார். தேர்தல் ஆணையத்தின் படிவம் 20இல் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது அப்படியே இருக்கிறது. நம் எம்.எல்.ஏ.க்கள் அதை எடுத்துவைத்துக்கொண்டு, தாங்கள் பின்தங்கிய சாவடிகளைக் குறித்துக்கொள்ளட்டும். நன்றி சொல்லும் பயணத்தை அந்தத் தெருக்களிலிருந்து தொடங்கட்டும். குடிநீர், பட்டா, ரேஷன் என்று அங்கே காத்திருக்கும் மனுக்கள் முதலில் அவர்கள் கைக்கு வரட்டும்.