கையடக்க வழிகாட்டியும் கல்முனைக் கரையூர்களும்

‘வாயிருந்தால் வங்காளம் போகலாம்’ என்பது நம் முன்னோர் மொழி. வழியறியாதவன் அறிந்தவனை வினவிச் செல்வானாயின் எத்துணைத் தொலைவும் அவனுக்குத் தொலைவன்று என்பது அதன் கருத்து. இன்று வாயின் தொழிலைக் கையே மேற்கொண்டுவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் கைபேசியின் சிறு திரையில் ஒரு நீலப் புள்ளி தோன்றி, நாம் நிற்குமிடத்தையும், செல்லவேண்டிய வழியையும், சென்று சேரும் நேரத்தையும் காட்டுகின்றது. இஃது இளைஞரின் விளையாட்டுப் பொருளோ, வீண் ஆடம்பரமோ, மெய்யாகவே பயன் தருவதோ என்னும் வினா முதியோர் பலர் உள்ளத்தில் இன்னும் இருக்கின்றது. அதற்கு விடை காண்பதற்கு, தலைநகரத்துப் பெருந்தெருக்களை விடுத்து, அம்பாறை மாவட்டத்துக் கரையோர முஸ்லிம் ஊர்களையும், அவற்றின் இடையிடையே அமைந்த தமிழூர்களையும் எடுத்துக்கொள்வது நன்று. கருவியொன்றின் வலிமையும் மெலிவும் அத்தகைய இடத்திற்றான் நன்கு புலனாகும்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கு நோக்கித் தொடரும் ஊர்கள் கோவையிற் கோத்த மணிகள்போல ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கின்றன. இவற்றுட் காரைதீவு, விபுலாநந்த அடிகளைத் தந்த ஊரென நம்மவர் அனைவரும் அறிவர். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் செல்லும் நெடுஞ்சாலை. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இவ்வாழ்க்கையைப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ எனக் கிழக்கிலங்கையார் உவமிப்பர். ஓரூர் எங்கே முடிகின்றது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகின்றது என்பது அயலூரானுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளோ எண்ணிறந்தன. அவற்றுள் ஒன்றைப்போலவே மற்றொன்றும் தோன்றும். குன்றில்லாச் சமதரை ஆதலால், நிமிர்ந்து நோக்கித் திசை தெளிதற்கு ஏதுவும் இல்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலும் போன்ற சிலவே எல்லோரும் அறிந்த அடையாளங்கள்.

ஆயினும் அவ்வூர்களில் வழி தவறி வருந்துவோர் அரியர். ‘காக்கா, இன்னாருடைய வீடு எங்கே?’ என்று சந்தியிலே வினவினாற் போதும். வினவப்பட்டவர் வழி சொல்வதோடு அமையார். தம் துவிச்சக்கர வண்டியில் முன்னே சென்று, குறித்த வீட்டு வாயிலில் நம்மை விட்டு, அவ்வீட்டாரின் நலமும் விசாரித்த பின்னரே திரும்புவார். இத்தகைய மக்கள் வாழுமிடத்தில் இயந்திர வழிகாட்டி எதற்கு என்று கேட்போர் கேட்கலாம்.

அதற்கு என் மறுமொழி இது: பகற்போதில், ஓய்வுள்ள நேரத்தில், ஒருவரைத் தேடிச் செல்வோனுக்கு அக்கருவி பெரிதும் வேண்டுவதன்று. நள்ளிரவில், இடர் வந்த வேளையில், பிறரால் தேடப்படுவோனுக்கே அது வேண்டும். வழி கேட்பதற்குக் கருவி என்று நாம் எண்ணுவது பிழை. இடம் சொல்வதற்குக் கருவி என்பதே அதன் மெய்யான பயன்.

நெஞ்சுவலியால் ஒருவர் துடிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ நோயாளர் வண்டியை 1990 என்னும் எண்ணில் வீட்டார் அழைக்கின்றனர். ‘பள்ளிவாசலுக்குப் பின்னால், மூன்றாவது ஒழுங்கையில், பலாமரம் நிற்கும் வளவு’ என்று பதற்றத்திலே சொல்லும் குறிப்பு ஊராருக்கு விளங்கும், வண்டியோட்டிக்கு விளங்குமா? சந்தியில் நின்று வழி சொல்வாரும் அவ்வேளையில் உறங்கியிருப்பர். கைபேசி காட்டும் புள்ளியைச் செய்தியாக அனுப்பிவிட்டால், வண்டி தட்டுத் தடுமாறாது அவ்வாயிலை அடையும். மீட்கப்படும் சில நிமிடங்கள் உயிரின் விலையுடையன. இன்னொன்றும் உண்டு. கல்முனை என்னும் பெயரோடு இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன; ஒன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, மற்றொன்று வடக்கிலுள்ளது. ‘கல்முனை ஆஸ்பத்திரி’ என்று மட்டும் கேட்டு வரும் உறவினர் எதற்குச் செல்வர்? பெயர் ஒன்றாகலாம், புள்ளி ஒன்றாகாது.

இப்புள்ளி எங்ஙனம் பிறக்கின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலே ஐக்கிய அமெரிக்க அரசின் செய்மதிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. இருபத்துநான்கு செய்மதிகள் கொண்ட முழு அமைப்பு 1995இல் நிறைவெய்தியது. ஒவ்வொரு செய்மதியும் ‘நான் இங்கே இருக்கின்றேன், இப்பொழுது நேரம் இது’ என்று ஓயாது அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைபேசி தூரத்தைக் கணிக்கின்றது. நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால் தன் இடம் தெரிந்துவிடும். அச்செய்மதிகளின் கடிகாரங்கள் நிலத்துக் கடிகாரங்களிலும் நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்துலட்சத்தில் 38 பங்கு விரைந்து ஓடுகின்றன. ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை வழியே அவ்வேறுபாட்டைத் திருத்தாவிடின், ஒரே நாளில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் பிழை நேரும். கல்லூரி நாளிலே நாம் வெறும் சூத்திரமெனக் கற்றது இன்று மீன் விற்போன் சட்டைப்பையிலிருந்து தொழில் செய்கின்றது!

பொதுமக்களுக்குரிய அலையை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கச் செய்திருந்த காலமும் உண்டு. 2000 மே மாதத்தில் அம்மங்கல் நீக்கப்பட்டது. அதன் பின்னரே சந்தையும் சந்தியும் பிரித்தறியும் நுட்பம் எளியோர் கைக்கு எட்டியது. இப்பொழுது உருசியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் பல கைபேசிகள் துணைக்கொள்கின்றன. திறந்த வானத்தின்கீழ்ப் பிழை ஐந்து மீற்றரளவே. மாடமாளிகை நெருங்கிய மாநகரங்களில் அலை சுவர்களில் மோதிச் சிதறும். தாழ்ந்த கூரைகளும் விரிந்த வானமும் உடைய நம் கரையூர்களோ இதற்கு மிக ஏற்றவை.

சிறு பலகையொன்றைக் கையிலேந்தி இடமறிதல் இக்கடலுக்குப் புதிதன்று. இந்துமாகடலிற் கலஞ்செலுத்திய அறபு மாலுமிகள் ‘கமால்’ என்னும் சிறு மரப்பலகையைக் கொண்டிருந்தனர். அதன் நடுவிற் கட்டிய கயிற்றின் முடிச்சொன்றைப் பல்லாற் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, எவ்வளவு வடக்கே வந்துள்ளோம் என்பதை விரற்கணக்கால் அறிந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டிலே வாழ்ந்த இப்னு மாஜித் இக்கலையை நூலாக எழுதியவர். உள்ளங்கைப் பலகை அன்று நட்சத்திரத்தை நோக்கியது. இன்று செய்மதியை நோக்குகின்றது. முறை மாறியதேயன்றி வேட்கை மாறவில்லை.

கடற்றொழிலாளர்க்கு இதனால் விளையும் நன்மை பெரிது. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரு நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்து, மீன் கிடைக்கும் பார்களை நினைவிற் கொள்ளும் பழைய திறமை போற்றற்குரியதே. ஆனால் கரை மறைந்தபின் அத்திறமைக்கு இடமில்லை. கரையிலிருந்து சில கிலோமீற்றர் சென்றதும் தொலைபேசி அலை ஓய்ந்துவிடும். செய்மதி அலை ஓய்வதில்லை. பேச முடியாத கைபேசியும் இடத்தைக் காட்டும். இவ்வுண்மை பலருக்குத் தெரியாது. வரைபடத்தை வீட்டிலேயே முன்கூட்டிப் பதிந்துகொண்டவன், அலையில்லாத இடத்திலும் திரும்பும் திசையை அறிவான்.

2004 டிசெம்பர் 26ஆம் நாளை அக்கரையினர் எவ்வாறு மறப்பர்? இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கடல் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கடலோரப் பகுதிகளில் வீடு மட்டுமன்று, வேலியும் மதிலும் ஒழுங்கையும் அழிந்தன. ‘இன்ன மரத்துக்கு வடக்கே’ என்று சொல்ல மரம் இல்லை. ‘இன்னார் வீட்டுக்கு அயலே’ என்று சொல்ல அவரும் இல்லை. அடையாளத்தால் மட்டும் அறியப்பட்ட இடம் அடையாளத்தோடு மறைந்துவிடுகின்றது. கல்முனை ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகை 25 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 49 கலையிலும் உள்ளது. இவ்வெண்களை எந்த அலையும் அடித்துச் செல்லாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தகைய எண் உண்டு என்பதும், அதைக் கைபேசி நொடியிற் கூறும் என்பதும் அந்த ஊர்களுக்கு வேடிக்கைச் செய்தியல்ல.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். கருவி இடத்தை அறியும். இடத்தின் நிலையை அறியாது. ஒலுவிலிலே 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் வரைபடத்திற் செம்மையாகத் தோன்றும்; அதன் வாயிலை மணல் அடைத்துப் படகுகள் போய்வர இயலாது வருந்திய காலத்திலும் அவ்வாறே தோன்றியது. 2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த பாதையில் உழவு இயந்திரமொன்று அடித்துச் செல்லப்பட, நிந்தவூரிலிருந்து வீடு திரும்பிய மத்ரசா மாணவர் பலர் உயிரிழந்தனர். அத்துயரத்துக்கும் கைபேசிக்கும் தொடர்பு கற்பிப்பது என் நோக்கமன்று. ஆயினும் மாரிகாலத்திலே திரையிற் கோடாகத் தோன்றும் பாதை தரையில் ஆறாக ஓடக்கூடும் என்பதை அந்நாள் நமக்கு உணர்த்தவேண்டும். நீரின் ஆழத்தைச் செய்மதி சொல்லாது. அயலிலுள்ள வேளாண்மைக்காரரே சொல்வார். அங்கே வாய் மீண்டும் தன் தொழிலைப் பெறுகின்றது.

திரை சிறிதாயிருத்தலும் ஒரு குறையே. அடுத்த திருப்பம் தெரியும். ஊர் முழுவதும் தெரியாது. அதனை மட்டும் நம்பிச் செல்வோன், எவ்வூர்களைக் கடந்து வந்தான் என்பதையே அறியாது போய்ச் சேருவான். நண்பகல் வெயிலில் அத்திரை மங்கும். நெரிசல்மிக்க கல்முனைக் கடைத்தெருவிலே குனிந்து திரையை நோக்கியவாறு மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோன் தனக்கும் பிறர்க்கும் இடையூறாவான். ஆதலின் புறப்படுமுன் வரைபடத்தை விரித்து முழுவழியையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். வழியிலே கண் சாலையில் இருக்க, கருவியின் குரலைச் செவியாற் கேட்டல் வேண்டும். வீட்டின் இருப்பிடத்தைக் கண்டவர்க்கெல்லாம் அனுப்பாது, வேண்டியவர்க்கு மட்டும் அனுப்புதலும் அறிவுடைமை.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது கருவியின் குறையன்று, நம்முடையது. வரைபடத்திலே நம் ஒழுங்கைகள் பல பெயரின்றிக் கிடக்கின்றன. பெயருள்ளவையும் ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதியவை. புள்ளி சரியாயிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர் வெறுமையாயிருப்பின் வண்டியோட்டிக்கு அரைப்பயனே கிட்டும். செய்மதியை ஏவியவர் நம் ஒழுங்கையின் பெயரை அறியார். அதைச் சொல்லவேண்டியவர் நாமே.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2004இல் இங்கிலாந்திலே தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மப்’ என்னும் உலக வரைபடத்தில் எவரும் தம் ஊரை எழுதலாம். 2010இல் ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் அழித்தபோது, உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதன் தலைநகரத் தெருக்களை விரைந்து வரைந்து மீட்புப் பணியினருக்கு உதவினர். அத்துணைத் தூரம் போவானேன்? 2013ஆம் ஆண்டளவில் நம் அயலிலுள்ள மட்டக்களப்பு மண்முனை வடக்கிலே, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் துணைநிற்க, கட்டடங்கள் இவ்வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டன. மட்டக்களப்புக்கு இயன்றது கல்முனைக்கு இயலாதோ? ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கல்முனையிலே ஸாஹிறாக் கல்லூரியும் வெஸ்லியும் கார்மேல் பாத்திமாவும் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர் விடுமுறையிலே தத்தம் வட்டாரத்தில் நடந்து, முதியோரை வினவி, ஒழுங்கைகளின் பெயரைத் தமிழிலும் எழுதிப் பதிவாராயின், ஓராண்டிற் பெரும்பணி முடியும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் பெயர்ப்பலகையும் வீட்டெண்ணும் ஒழுங்காக அமைத்துத் துணைநிற்றல் வேண்டும்.

இப்பணியில் இன்னொரு நன்மையும் அடங்கியுள்ளது. வினவாத தலைமுறை உருவாகின்றது, அயலான் முகம் நோக்கிப் பேசும் வழக்கம் கெடுகின்றது என்று கவலைப்படுவோர் கவலை பொய்யன்று. ஆனால் வரைபடம் எழுதப் புறப்படும் மாணவன் வீடுதோறும் சென்று வினவியே ஆகவேண்டும். பாண்டிருப்புப் பிள்ளை மருதமுனைப் பெரியவரையும், சாய்ந்தமருதுப் பிள்ளை காரைதீவுப் பெரியவரையும் வினவுவர். 2009இல் முடிந்த போரின் காலத்திலே அயலூர் ஒழுங்கையில் நுழைந்து வழி கேட்பதே ஐயத்துக்கு இடமாயிருந்ததை நினைப்போர்க்கு, இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

எனவே, கைபேசி வழிகாட்டி பயனற்றதென்று புறக்கணிப்பதும் தவறு. அதுவே போதுமென்று மயங்குவதும் தவறு. பழைய மாணவராகிய நாம், அக்கரையூர்களிற் பிறந்தோரும், பணியின் பொருட்டு அங்கே வாழ்ந்து அம்மக்களின் உப்பை உண்டோரும், இவ்விழா ஆண்டின் நற்செயலாக ஓர் ஊரின் ஒழுங்கைகளையேனும் எழுதுவிக்க முன்வருவோமாக. நள்ளிரவில் உதவி வேண்டி அழைக்கும் ஏழைக் குடும்பத்தை வண்டி தேடாமற் கண்டடையுமாயின், நாம் கற்ற கல்வி அவ்விரவிலே பயன்பட்டதாகும்.