கறிக்கு ருசி கரியிலே!



கறி ருசிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் மசாலா என்பார்கள். நெருப்பும் பொறுமையும் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவே! பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. மீதியெல்லாம் அடுப்பும் கிண்டுகிற கையும். அதற்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

கறியும் அப்படித்தான். குழம்பில் கொதிக்கிற கறி ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் விடாது. கங்கில் சுடும்போது மேல்பக்கம் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போகிறது. அப்போதுதான் அது பொன்னிறமாகி வாசம் பிடிக்கிறது. இதை 1912-ல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆராய்ந்து எழுதினார். நம் ஆச்சிமார்களோ சுவரொட்டியைக் கங்கில் வாட்டிப் பிள்ளைகளுக்கு எந்தக் காலத்திலிருந்தோ கொடுத்து வருகிறார்கள்!

ஆகவே கறியை ஈரமில்லாமல் துடைத்து, உப்பும் மஞ்சளும் தடவி ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள். வாடை கறியில் ஏறிவிடும். காய்ந்த சிரட்டை போதும். கரி கறுப்பாக இருக்கும்போதே கம்பியைத் தூக்கி வைப்பதுதான் பலர் செய்கிற தப்பு. வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுக்கணும். கங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டால், சூடான பக்கத்தில் நிறம் ஏற்றி, மறுபக்கத்தில் உள்ளே வேக விடலாம். கொழுப்பு சொட்டி எழும் புகைதான் அந்த மணம். ஆனால் தீப்பிடித்துக் கறி கருகினால் அது ருசியல்ல, உடம்புக்குக் கேடு. இன்னொன்று: மூடிய அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும்.

எல்லாம் சரி, நல்ல கரி எங்கிருந்து வருகிறது? நாம் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலத்திலிருந்து! இதன் சொந்தக்கார மரத்தைத்தான் டெக்சாஸில் மெஸ்கீட் என்று சொல்லி, அதில் கறி சுட்டுக் கொண்டாடுகிறார்கள்.

எங்கப்பா கரிமூட்டத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். விறகை அடுக்கி, இலைதழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, நாள்கணக்கில் காவல் இருக்கணும். காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் வேகாத கரி. வேகாத கரியில் சுட்டால் கறி கசக்கும். அப்பாவிடம் தெர்மாமீட்டர் கிடையாது. வெள்ளைப் புகை போய் நீலப் புகை வந்தால், "வெந்திருச்சு, ஓட்டைய அடை" என்பார். நான் வகுப்பில் படிக்கிற வெப்பவியலை அவர் கண்ணெரிச்சலிலும் இருமலிலும் படித்திருக்கிறார்.

கேஸ் வந்த காலத்தில் கரியா என்று கேட்கலாம். அன்றாடச் சமையலுக்குக் கேஸ்தான் நல்லது. அம்மாக்களின் கண்ணாவது பிழைக்கட்டும். ஆனால் ராஜபாளையம் ரோட்டோரக் கடைகளில் சுட்ட கோழிக்கு நூறு நூறாக எண்ணிக் கொடுக்கிற நாம், கரி மூட்டைக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுவது நியாயமா? அந்த ருசியில் பாதி மூட்டம் போட்டவன் கைவேலை அல்லவா?

மாணவ நண்பர்களே, புராஜெக்ட் என்று எதை எதையோ செய்கிறோம். புகை வெளியே கக்காத, தொழிலாளி பக்கத்தில் நின்று மூச்சுவிடக்கூடிய ஓர் இரும்பு மூட்டத்தை இந்த ஆண்டு நம் ஒர்க்‌ஷாப்பில் செய்து பார்ப்போமா? ருசி நாக்குக்கு மட்டும் போதாது. அதை உண்டாக்கியவன் நெஞ்சுக்கும் நிம்மதி வேண்டும். சிந்திப்போம், செய்து காட்டுவோம்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்